வன்னியில் ஒரு கிரிப்டோ செயலி: 2021 இலிருந்து பாவித்த அனுபவம்

செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கிற பெரிய பரிமாற்றகங்களின் செயலிகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், வேறொன்றைப் பாவித்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் போன் திருத்தும் சின்னக் கடை என்னுடையது. 2021 நடுப்பகுதியில் நானும் இதைப் போட்டுக்கொண்டேன், கடைக்கு வருகிற பெடியள் பலருக்கும் போட்டுக் கொடுத்தேன். அதனால் என் கணக்கை மட்டும் வைத்து எழுதவில்லை. பரந்தன், தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று பல பக்கத்து ஆட்கள் விலையைப் பார்க்கும்போது அவர்கள் முகம் போகிற போக்கையும் பார்த்திருக்கிறேன். எல்லோரிடமும் இருப்பது ஒரே செயலி, ஒரே விலை. ஆனால் போட்ட காசு யாருடையது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் நடக்கிற விதம் முழுக்க வேறு.

முதலில் காசு போடுகிற வழி. 2021 இல் வந்த அந்நியச் செலாவணிப் பணிப்புரையின்படி இலங்கை வங்கிகளின் கடன் அட்டை, பற்று அட்டைகளால் கிரிப்டோ வாங்க இயலாது. மத்திய வங்கியும் 2018 இலிருந்து பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆகவே எங்களுக்கு மிஞ்சுவது பீ2பீ, அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்பது. விற்கிறவரின் வங்கிக் கணக்குக்கு ரூபாவை அனுப்ப வேண்டும். அவருடைய யூஎஸ்டிடியை (ஒன்று ஒரு டொலர் மதிப்பில் நிற்கிற கிரிப்டோ) அதுவரை செயலி பூட்டி வைத்திருக்கும், காசு கிடைத்தது என்று அவர் உறுதிப்படுத்தியதும் அது எங்களுக்கு வரும். இந்த வேலையைச் செயலி ஒழுங்காகத்தான் செய்கிறது. பயம் நாங்கள் விற்கும்போதுதான். நமக்கு வருகிற ரூபா யாரோ ஏமாற்றி எடுத்த காசாக இருந்தால் வங்கி நம்முடைய கணக்கை நிறுத்திவிடும். எனக்கும் ஒருமுறை ஒரு வங்கியில் அப்படி நின்றது, எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது அனுப்புகிறவரின் வங்கிப் பெயரும் செயலியில் இருக்கிற பெயரும் பொருந்தாவிட்டால் காசைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

சரி, ஆட்களின் கதைக்கு வருவோம். 2022 மார்ச் தொடக்கம் வரை டொலரை 203 ரூபாவுக்குக் கிட்டப் பிடித்து வைத்திருந்தார்கள். 7 ஆம் திகதி கையை விட்டார்கள், மே நடுப்பகுதியில் 360. அதற்கு முன்பு யூஎஸ்டிடியை வாங்கிவிட்டு ஒன்றுமே செய்யாமல் கிடந்தவனுக்கும் ரூபாக் கணக்கில் காசு ஒன்றே முக்கால் மடங்கானது. நாடு கடனைக் கட்ட முடியாது என்று ஏப்ரலில் கைவிரித்ததற்கும் இவனுடைய கெட்டித்தனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் "எனக்கு மார்க்கட் பிடிபட்டிட்டுது அண்ணை" என்று சொன்னவர்கள் அந்த நாட்களில் ஒருவர் இருவர் அல்ல. பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே சொன்னார்கள்.

பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜோன்சனும் 1990 இல் ஓர் ஆய்வு எழுதினார்கள். சூதில் வென்ற காசை ஆட்கள் தங்கள் காசாக மதிப்பதில்லை, இன்னும் துணிந்து வைக்கிறார்கள் என்பது அதில் வருகிறது. ரூபா விழுந்து வந்த 'இலாபத்தை' எங்கள் பெடியள் அப்படித்தான் கையாண்டார்கள். அந்த மே மாதமே லூனா என்ற கிரிப்டோ நாணயம் விழுந்தது. ஏப்ரலில் 119 டொலர் வரை போன நாணயம், மே நடுப்பகுதியில் ஒரு சதத்துக்கும் கீழே. எங்கள் பக்கம் அதை அதிகம் வாங்கியது விழுந்து முடிந்த பிறகுதான். பத்தாயிரம் ரூபாவுக்கு இலட்சத்துக்கு மேல் லூனா! ஒன்று ஒரு டொலருக்கு வந்தாலே போதும், வீடு கட்டலாம். கணக்கை யாரும் மறுபக்கமாகப் போட்டுப் பார்க்கவில்லை. அப்போது புழக்கத்தில் இருந்த லூனா 6.5 இலட்சம் கோடி. ஒன்று ஒரு டொலர் என்றால் மொத்த மதிப்பு 6.5 இலட்சம் கோடி டொலர் ஆக வேண்டும். 2021 நவம்பர் உச்சத்தில் உலகத்துக் கிரிப்டோ எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 3 இலட்சம் கோடிதான். ஆனால் பிட்கொயினில் 0.0004 வைத்திருப்பதை விட எதிலாவது ஓர் இலட்சம் வைத்திருப்பது மனதுக்குப் பெரிதாகத் தெரிகிறது. டோஜ், ஷிபா போன்ற மலிவு நாணயங்கள் எல்லாம் இங்கே ஓடியதும் இதனால்தான்.

இடையில் ஒன்று. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. போன் சார்ஜ் பண்ண என் கடைக்கே பற்றரி தேடி வந்தார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்த மாதங்களில் குறைவாக அடிபட்டவர்கள், போன் செத்துக் கிடந்ததால் விலை பார்க்க முடியாமல் போனவர்கள். நட்டம் தருகிற நோ இலாபம் தருகிற சந்தோசத்தை விடப் பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979 இல் எழுதினார்கள். அப்படியென்றால் நாளுக்கு நூறு முறை பார்க்கிறவன் நூறு முறை நோகிறான். 15 நிமிட விளக்கப்படத்தைப் பெரிதாகவும், மாதப் படத்தை எங்கோ மூலையிலும் வைக்கிற இந்தச் செயலி அதற்கு நல்ல துணை.

இனிக் காசு யாருடையது என்ற விசயம். வன்னியில் மேலதிகமாகக் காசு வைத்திருக்கிறவர் குறைவு. கிரிப்டோவுக்கு வருவது மூன்று வழியால்: அடகு வைத்த நகை, வெளிநாட்டுச் சகோதரம் அனுப்பியது, சம்பளத்தில் மிச்சம் பிடித்தது.

நகைக் காசுக்கு மணிக்கூடு உண்டு. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது, அடகு வட்டியும் பின்னால் ஏறியது. தாயின் காப்பை வைத்து 2021 கடைசியில் வாங்கிய புதுக்குடியிருப்புத் தம்பி ஒருவனுக்குத் தவணை வந்த நேரம் 2022 நவம்பர். எப்ரிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ பரிமாற்றகம் வங்குரோத்து மனுப் போட்டது 11 ஆம் திகதி, பிட்கொயின் 16,000 டொலருக்கும் கீழே போனது. அந்தக் கிழமைதான் விற்றான். பயந்து விற்கவில்லை, காப்பு ஏலத்துக்குப் போய்விடும் என்று விற்றான். உழவு இயந்திரக் கூலியும் உரக் கடனும் தலைக்கு மேல் நிற்பதால் பெரும்போக நெல்லை ஈரத்தோடு வயல் கரையிலேயே கொடுத்துவிடுகிற கமக்காரன் மாதிரித்தான். "பொறுமை வேண்டும்" என்று ரெலிகிராம் குழுவில் புத்தி சொல்கிற ஆட்களுக்கு இது விளங்காது. பொறுமைக்கு மாதா மாதம் வட்டி கட்ட வேண்டியிருந்தது.

வெளிநாட்டுக் காசு நேர் எதிர். அது விற்கப்படுவதே இல்லை. விற்றால் நட்டம் தொகையாகிவிடும், தொகையானால் கனடாவில் இருக்கிற அண்ணனுக்குச் சொல்ல வேண்டிவரும். விற்காதவரை "இருக்கு அண்ணை, அப்பிடியே கிடக்கு" என்று சொல்லலாம். இலாபத்தில் இருப்பதை அவசரமாக விற்று நட்டத்தில் இருப்பதைக் கட்டிப்பிடிக்கிற பழக்கத்தை நிதியியல் ஆய்வாளர்கள் ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் 1985 இல் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது தன் மனதிடம் தோற்றுப்போக விரும்பாத ஒருவரைப் பற்றி. இங்கே அதோடு குடும்ப மானமும் சேர்ந்துகொள்கிறது.

சம்பளக் காசுக்காரர் என்று சொல்ல எனக்குத் தெரிந்து ஓர் ஆசிரியர். மாதம் கொஞ்சமாக வாங்கினார், கடைசியில் தப்பியவரும் அவர்தான். அவர் மற்றவர்களை விடக் கெட்டிக்காரர் என்று நான் நம்பவில்லை. அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

'போட்ட விலைக்கு வரட்டும், விற்றுவிடுகிறேன்' என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த விலை எந்தக் காசில் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2021 நவம்பரில் பிட்கொயின் உச்சம் 69,000 டொலர், அன்றைய ரூபாவில் 1 கோடி 39 இலட்சம் அளவில். 2023 டிசம்பரில் விலை 43,000 டொலரைத் தாண்டியபோது ரூபாக் கணக்கில் அந்த உச்சம் திரும்ப வந்துவிட்டது. ரூபாவில் பார்க்கிறவர்கள் "அப்பாடா" என்று விற்றார்கள். டொலரில் பார்க்கிறவர்களுக்கு அன்று இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நட்டம், அவர்கள் 2024 மார்ச்சில் 69,000 வந்ததும் விற்றார்கள். இரண்டு கூட்டமும் 2024 டிசம்பரில் ஓர் இலட்சம் டொலர் போனதைப் பார்த்து ஒன்றாகப் பெருமூச்சு விட்டது. இரண்டு விலைக்கும் சந்தையில் ஒரு விசேசமும் இல்லை, வாங்கியவர் மனதில் மட்டும்தான் அவை விசேசம்.

பியூச்சர்ஸ் (விலை ஏறுமா இறங்குமா என்று கடன் வாங்கிப் பந்தயம் பிடிப்பது) பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. 20 மடங்கு கடனில் பிடித்தால் விலை 5 சதவீதம் எதிர்ப்பக்கம் போனால் போட்டது முழுக்கப் போகும். 2025 ஒக்டோபர் 10 ஆம் திகதி உலகம் முழுக்க 1,900 கோடி டொலர் அளவில் இப்படி ஒரே நாளில் துடைக்கப்பட்டது. அந்தப் பொத்தானை வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வைத்ததற்காக இந்தச் செயலிக்கு நான் ஒரு நட்சத்திரம் குறைப்பேன். "நாளுக்கு 2 சதவீதம் தருவோம், ஆள் சேர்த்தால் கொமிசன்" என்று வருகிறவை வேறு சாதி. அவை பிரமிட், வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் குற்றம்.

வயதானவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் அம்மா மகனின் போனைத் திருத்த வந்தபோது, "வைப்பகத்திலை அடகு வைச்ச சங்கிலியே எங்கை எண்டு தெரியாது, இவன் கண்ணாலை காணாத காசை வாங்கிறானாம்" என்றார். புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் வைத்த நகைகளில் பல 2009 க்குப் பிறகு உரியவர்கள் கைக்கு வரவில்லை என்பது இங்கே வீட்டுக்கு வீடு உள்ள கதை. எப்ரிஎக்ஸ் விழுந்தபோது பெடியள் அதிர்ந்தார்கள், அந்த வயதுக்காரர் யாரும் அதிரவில்லை. நான் பெரிய தொகையைச் செயலியில் விடுவதில்லை. சொந்தக் கிரிப்டோ பணப்பைக்கு மாற்றி, அதை மீட்கத் தேவையான 12 சொற்களைக் கடதாசியில் எழுதி, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கிற பைக்குள் வைத்திருக்கிறேன். இடம்பெயர்ந்த வீடுகளில் அந்தப் பை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும்.

2015 க்கும் 2022 க்கும் இடையில் 95 நாடுகளில் இத்தகைய செயலிகளைத் தரவிறக்கியவர்களைப் பார்த்து, நாலு பேரில் மூன்று பேர் அநேகமாக நட்டப்பட்டிருப்பார்கள் என்று சர்வதேச தீர்ப்பனவு வங்கியின் ஆய்வாளர்கள் கணித்தார்கள். என் கடையில் பார்த்ததும் அதற்குத் தூரமில்லை.

இப்போது என் போனில் விலை அறிவிப்புகள் நிறுத்தியிருக்கிறது, படம் மாதக் கணக்கில். போட்டுத் தரச் சொல்லி யாராவது வந்தால் காசு யாருடையது என்று கேட்கிறேன். நகைக் காசு என்றால் போட்டுக் கொடுப்பதில்லை. அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு, பீ2பீயில் ஏதாவது சிக்கினால் மட்டும் என்னிடம் வருகிறார்கள்.