ஓவர்கிளாக்கா, அப்கிரேடா?

பழைய கணினி திணற ஆரம்பித்ததும், காசு செலவில்லை என்பதால் பலருக்கும் ஓவர்கிளாக் ஆசைதான், அதாவது பிராசஸரை அதற்கு நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓடவைக்கும் ஆசைதான், முதலில் வரும். சரி, அதற்கு முன் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்க, சிபியு (அதாவது பிராசஸர்) 20-இல் சும்மா கிடந்தால், பிராசஸரை எவ்வளவு முடுக்கினாலும் பலனில்லை.

ஓவர்கிளாக்குக்கு எல்லாக் கணினியும் இடம் கொடுக்காது. இன்டெலில் பெரும்பாலும் 'கே' வகை பிராசஸரும் 'இசட்' வகை சிப்செட் உள்ள மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசன் கொஞ்சம் தாராளம். சாதாரண லேப்டாப்பா, மறந்துவிடுங்கள். 3.5 கிகாஹெர்ட்ஸை 4.2 ஆக்கினால் கணக்குப்படி 20 சதவீத வேகம், கைக்கு வருவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு, ஆனால் அதற்காக வோல்டேஜை 1.2-லிருந்து 1.35-க்கு ஏற்றினால் சிபியு இழுக்கும் மின்சாரமும் கக்கும் சூடும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். சிபியுவின் சூட்டைக் கூலருக்குக் கடத்த வேண்டிய, ஆனால் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் வருடக்கணக்கில் உழைத்த பவர் சப்ளையும் இதைத் தாங்குமா?

அப்கிரேடில், சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குத்தான் என் முதல் ஓட்டு. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு தகவலைத் தேடிப் பிடிக்க 10 மில்லிசெகண்ட் போல எடுக்கும், எஸ்எஸ்டிக்கு 0.1 போதும். நாளைக்கே கணினியை மாற்றினாலும் கழற்றிக்கொண்டு போகலாம். அப்புறம் ராம். அதில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு, டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையாது, பார்த்து வாங்குங்கள்.

கேம் ஓடும்போது சிபியு மட்டும் முட்டுகிறது, கூலரும் நல்லது என்றால் தாராளமாக ஓவர்கிளாக் செய்யுங்கள். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உங்கள் போர்டில் இல்லையென்றால் எந்த முடுக்கலும் அதைக் கொண்டுவராது.