ஸ்டாக் தளங்களில் ஆறு ஆண்டுகள்: ஒழுகிய குழாய் எனக்குக் கற்றுக்கொடுத்தது

படங்களைப் பயன்படுத்தும் உரிமத்தை இணையத்தில் விற்றுத் தரும் ஸ்டாக் தளங்களில் நான் ஏற்றிய படங்களிலேயே அதிகம் விற்றது எது என்று கேட்பவர்களிடம் அதைக் காட்டினால் சற்று ஏமாந்துபோகிறார்கள். சமையலறைக் குழாயின் நட்டை ஒரு கை ஸ்பானரால் இறுக்கிக்கொண்டிருக்கும். வலப்பக்கம் முழுக்க வெறும் வெள்ளைச் சுவர். வீட்டில் குழாய் ஒழுகிய ஒரு காலையில், பழுது பார்க்க வந்தவரிடம் கேட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுத்தேன். 2020இல் ஏற்றிய அந்தப் படத்தை இன்றும் யாராவது மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வாங்குகிறார்கள். அதே வாரம் இருட்டோடு எழுந்து மலையேறி எடுத்த சூரிய உதயம் இன்றுவரை ஒருமுறைகூட விற்கவில்லை.

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் குழாயைப் பற்றித்தான். படம் வாங்குபவர் சுவரில் மாட்டுவதற்காக வாங்குவதில்லை. தண்ணீர்ச் சிக்கனம் பற்றி எழுதும் பத்திரிகை, பழுதுநீக்கும் சேவையின் விளம்பரம், வீட்டுக் காப்பீட்டுத் துண்டறிக்கை என ஏதோ ஒன்றில் ஒரு செய்தியைச் சொல்ல அவருக்குப் படம் தேவைப்படுகிறது. அந்த வெள்ளைச் சுவரில் அவர் தன் தலைப்பை அச்சிட்டுக்கொள்வார். இது புரிய எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

2019இல் தொடங்கியபோது, கணினியில் இருந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பத்துப் படங்களை அனுப்பினேன். ஏழு திரும்பி வந்தன. ஒரு பூவின் படத்துக்கு ‘ஃபோக்கஸ் சரியில்லை’ என்று காரணம் போட்டிருந்தார்கள். திரையில் பார்க்கும்போது கத்தி போலத் துல்லியமாக இருந்த படம் அது. நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: மகரந்தத் தாள்கள் மங்கிக் கிடக்க, அவற்றுக்குப் பின்னால் இருந்த இதழின் விளிம்பு துல்லியமாக இருந்தது. இன்னொன்றில் நீலவானத்தின் நடுவே, கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் ஒட்டியிருந்த தூசியின் சாம்பல் நிறப் புள்ளி. அன்றிலிருந்து எந்தப் படத்தையும் நூறு சதவீத அளவில் மூலைக்கு மூலை பார்க்காமல் அனுப்புவதில்லை. நிழல் பகுதிகளை வலிந்து வெளிச்சமாக்கினால் ‘நாய்ஸ்’ எனப்படும் புள்ளிகள் மணல் தூவியதுபோல எழுந்துவிடும். அதைவிட நிழலை நிழலாகவே விட்டுவிடுவது நல்லது. கேமராவின் விலை பெரிய விஷயமே இல்லை. அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் ஆகிய தளங்கள் இரண்டும் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல்தான். போதிய வெளிச்சத்தில் எடுத்த கைபேசிப் படங்களும் என் தொகுப்பில் இருக்கின்றன, விற்கவும் செய்கின்றன.

குழாய்ப் படமும் முதல் முறை நிராகரிக்கப்பட்டதுதான். ஸ்பானரின் கைப்பிடியில் தயாரிப்பாளர் பெயர் புடைப்பெழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. வணிகப் பயன்பாட்டுக்கான படத்தில் முத்திரை, வணிகப் பெயர் எதுவும் தெரியக்கூடாது. அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்து மீண்டும் அனுப்பினேன். இப்போது படம் எடுப்பதற்கு முன்பே பொருள்களைத் திருப்பி வைத்துவிடுகிறேன்.

ஆட்கள் வரும் படங்களுக்கு ‘மாடல் ரிலீஸ்’ என்னும் ஒப்புதல் படிவம் வேண்டும். முகம் தெரியாவிட்டால் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பச்சை குத்திய கை, தனித்து அடையாளம் காட்டும் தழும்பு இருந்தாலும் சிக்கல்தான். படத்தில் இருப்பவர் சிறுவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். கட்டடங்களிலும் கவனம் தேவை. ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்த படம் பிரச்சினையில்லை. இரவில் அதன் விளக்கு அலங்காரத்துக்கு உரிமை கோரப்படுவதால், வணிகப் படமாக அதை ஏற்கமாட்டார்கள். படிவம் வாங்க முடியாத தெருக்காட்சி, கூட்டம், நிகழ்ச்சி ஆகியவற்றை எடிட்டோரியல் பிரிவில் கொடுக்கலாம். அவற்றைச் செய்திக்கும் கட்டுரைக்கும் பயன்படுத்தலாமே தவிர விளம்பரத்துக்கு ஆகாது.

தேடுபவர் கண்ணில் படம் படுவதற்காக நாம் எழுதிக்கொடுக்கும் குறிச்சொற்களைத்தான் நான் மிக அதிகமாக அலட்சியம் செய்தேன். அடோபி ஸ்டாக்கில் 49 சொற்கள் வரை, ஷட்டர்ஸ்டாக்கில் 7 முதல் 50 வரை கொடுக்கலாம். அடோபியில் வரிசையும் கணக்கில் வரும், முதல் பத்துச் சொற்களுக்கே எடை அதிகம். தொடக்கத்தில் அழகு, நீலம், பின்னணி என்று எல்லாப் படத்துக்கும் பொருந்தும் சொற்களை அள்ளிப் போட்டேன். அப்படிப் போட்டால் லட்சக்கணக்கான படங்களுக்கு அடியில் நம் படம் புதைந்துபோகும். இப்போது வாங்குபவரின் இடத்தில் உட்கார்ந்து யோசிக்கிறேன். குழாய், ஒழுகல், பழுது, பிளம்பர், ஸ்பானர், கை, பராமரிப்பு, தண்ணீர் வீணாதல்: இவைதான் அந்தப் படத்தின் தொடக்கச் சொற்கள், ஆங்கிலத்தில். லைட்ரூம் என்னும் படத்திருத்த மென்பொருளில் தலைப்பையும் சொற்களையும் ஒருமுறை எழுதிவிட்டால் அவை படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். எந்தத் தளத்தில் ஏற்றினாலும் கூடவே போகும். தளம் தளமாக மீண்டும் தட்டச்சு செய்து நான் தொலைத்த இரவுகளை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். நாம் விற்பது படத்தை அல்ல, பயன்படுத்தும் உரிமத்தை. பதிப்புரிமை நம்மிடமே இருக்கிறது. அதனால்தான் ஒரே படத்தை ஆயிரம் பேர் வாங்க முடிகிறது. அடோபி ஸ்டாக் புகைப்படங்களுக்கு விற்பனைத் தொகையில் 33 சதவீதம் தருகிறது. ஐஸ்டாக் தளத்தில், அங்கே மட்டுமே படங்களைக் கொடுப்பது என்ற பிரத்யேக ஒப்பந்தம் இல்லாதவர்களுக்குப் புகைப்படத்துக்கு 15 சதவீதம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் முதல் 15இல் தொடங்கி 40 சதவீதம் வரை ஆறு படிகள் வைத்திருக்கிறது. அந்த ஆண்டில் எத்தனை உரிமங்கள் விற்றன என்பதைப் பொறுத்துப் படி உயரும், ஜனவரி 1 அன்று எல்லோரும் மறுபடி முதல் படிக்கு வருவார்கள். சந்தா வாடிக்கையாளர்கள் பதிவிறக்கும் படங்களுக்குப் பெரும்பாலும் சில சென்ட்டுகள்தான் கிடைக்கும். அடோபியில் பணம் எடுக்கக் கணக்கில் 25 டாலர் சேர வேண்டும். எனக்கு முதல் 25 டாலர் சேரப் பதினொரு மாதங்கள் பிடித்தன. அப்போது தொகுப்பில் இருந்தவை இருநூறு படங்கள். இப்போது இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. லென்ஸ் வாங்கவும் பயணச் செலவுக்கும் வருமானம் போதும். வீட்டுச் செலவை இதை நம்பி நடத்த முடியாது, வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குகிறேன் என்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் பதிவு செய்ததும் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தை நிரப்பிவிட வேண்டும். அங்குள்ள வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் ராயல்டியில், அதாவது நம் பங்குத் தொகையில், 30 சதவீதம் வரை வரியாகப் பிடிக்கலாம். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் விகிதம் குறையும். வங்கிக் கணக்கில் ஒரு எழுத்துவரிசை, படிவத்தில் வேறு எழுத்துவரிசை என்று என் பெயர் இருந்ததால், ஒரு நிறுவனத்தில் என் பணம் நான்கு மாதங்கள் நின்றுபோனது. எல்லா இடத்திலும் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.

பிரத்யேக ஒப்பந்தத்தைத் தொடக்கத்திலேயே போட வேண்டாம் என்பது என் கருத்து. எந்தத் தளத்தில் எந்த மாதிரிப் படம் ஓடும் என்பது பல இடங்களில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். என் குழாய்ப் படம் ஒரு தளத்தில் முதலிடத்தில் இருக்கிறது. இன்னொன்றில் அதைச் சீண்டுவாரில்லை.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கெட்டி இமேஜஸ் என்னும் ஸ்டாக் நிறுவனம் 2022 செப்டம்பரில் அத்தகைய படங்களை ஏற்கமாட்டோம் என்றது. அடோபி அதே ஆண்டு டிசம்பரில், உரிய குறிப்போடு கொடுத்தால் ஏற்போம் என்றது. என் அனுபவத்தில், 2023க்குப் பிறகு வெறும் பின்னணிகள், நீர்த்துளிகள், மேகங்கள் ஆகியவற்றின் விற்பனை ஏறக்குறைய நின்றுவிட்டது. கைவேலைப் படங்கள் குறையவில்லை. ஸ்பானர் நட்டை எங்கே பிடிக்கும், விரல் எந்தக் கோணத்தில் அழுத்தும் என்பதை அந்தத் தொழில் தெரிந்தவர் பார்த்தால் உண்மையா பொய்யா என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். அவருக்காக எடுக்கவே எனக்குப் பிடித்திருக்கிறது.

அதனால் இந்த ஆண்டு ஒரு தையற்காரரோடு நேரம் செலவிடுகிறேன். அவர் ஊசியில் நூல் கோக்கும்போது நூல் நுனியை ஈரப்படுத்தி, ஆட்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே தட்டையாக்குவார். அரை விநாடிதான். மூன்று முறை தவறவிட்டுவிட்டேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன், தையல் இயந்திரத்தின் பெயர் மறைய ஒரு துணியும் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் மேசைமேல் நேராக வெளிச்சம் விழும். அப்போது மறுபடி முயல்கிறேன்.