பிலிம் கேமராவும் இருட்டறையும்: நெடுநாள் புழக்கத்தில் நின்றதும் தேய்ந்ததும்

பிலிம் பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைத்தான். கறுப்பு வெள்ளை பிலிமை நானே கழுவி, நானே பிரிண்ட் போடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த உரிமையில் சொல்கிறேன்: கேமராவை மாற்றியதால் என் படங்கள் மேம்பட்டதாக நினைவில்லை. நல்ல வெப்பமானி ஒன்று வாங்கியபோது மேம்பட்டன. நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழச் செய்யும் கருவியான என்லார்ஜரின் லென்ஸை மாற்றியபோது இன்னும் மேம்பட்டன. இவை இரண்டையும் பற்றி யாரும் ஆசையாகப் பேசிக் கேட்டதில்லை.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். என்னிடம் இருப்பது நிக்கான் எஃப்.எம்.2. 1982இல் வந்த வடிவமைப்பு. ஷட்டர் முழுக்க இயந்திர விசையில் ஓடுவதால், பாட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான் தேவை. பாட்டரி தீர்ந்துபோனாலும் 1/4000 நொடி வரை எல்லா வேகங்களும் வேலை செய்யும். இவ்வளவு காலப் புழக்கத்தில் நான் மாற்றியது பின்கதவின் ஓரத்தில் இருக்கும் ஸ்பாஞ்சுப் பட்டையை மட்டுமே. எந்தப் பழைய கேமராவிலும் அந்தப் பட்டை காலப்போக்கில் பிசுபிசுத்துக் கருநிறப் பசையாகிவிடும். ஒளி கசிந்து பிரிண்டின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும். மாற்றுவது அரை மணி நேர வேலை.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் கடையிலேயே மூன்று காரியங்களைச் செய்துவிடலாம். பின்கதவைத் திறந்து வைத்து 1 நொடி, 1/2 நொடி, 1/4 நொடி என்று ஒவ்வொன்றாக அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். எண்ணெய் இறுகிய கேமரா மெதுவான வேகங்களில்தான் முதலில் திக்கும். லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை (ஒளி நுழையும் துவாரத்தை) முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். மூன்றாவது, ஒளிமானி. 1970களுக்கு முந்தைய பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பாட்டரியை நம்பி வடிவமைக்கப்பட்டவை. அந்த பாட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவுள்ள 1.5 வோல்ட் அல்கலைன் பாட்டரியைப் போட்டால் அளவு பிசகும். நல்ல வெயிலில் அபெர்ச்சர் எஃப் 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு (ஒளியுணர்வைக் குறிக்கும் எண்) நெருக்கமாக என்ற பழைய கணக்கை வைத்து ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 400 பிலிமுக்கு 1/500.

பிலிமைப் போட்டதும் சுற்றுக் கைப்பிடியை லேசாக இழுத்துத் தளர்வை எடுத்துவிடுங்கள். அடுத்த படத்துக்கு நகர்த்தும்போது அந்தக் கைப்பிடி தானாகத் திரும்பினால் பிலிம் ஓடுகிறது என்று பொருள். திரும்பவில்லையென்றால் 36 படமும் காற்றில் எடுத்த படம்தான்.

இனி பிலிம் கழுவுவதற்கு வருவோம். பிலிமைச் சுற்றி டேங்குக்குள் வைக்கும் ரீலில், பிளாஸ்டிக் ரீல் நல்லதா, ஸ்டீல் ரீல் நல்லதா என்ற வழக்கு தீரவே தீராது. நான் பிளாஸ்டிக் கட்சி. ஆனால் அது துளியும் ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் பாதி வழியில் பிலிம் சிக்கிக்கொள்ளும். நீர்த்துளிக் கறை படியாமலிருக்கக் கடைசியில் போடும் வெட்டிங் ஏஜென்ட் கரைசலை ரீலோடு சேர்த்து ஊற்றாதீர்கள். அது காய்ந்து படிந்து, நாளடைவில் ரீலின் பள்ளத்தையே வழவழப்பிழந்ததாக ஆக்கிவிடும். அப்படி ஆகிவிட்ட ரீலை வெந்நீரிலும் பழைய பல்துலக்கும் பிரஷிலும் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும். பிலிமின் முனையில் இரண்டு மூலைகளையும் சற்றே சாய்வாக வெட்டிவிட்டு ஏற்றுங்கள். பிலிமை இருட்டில் ரீலில் ஏற்றுவதற்கான, ஒளி புகாத பைக்குள் கை வியர்த்தால் அவசரப்படாமல் பிலிமை டேங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. ஈரப் பையில் பிடிவாதம் பிடிப்பதால் பிலிம் மடங்குமே தவிர ஏறாது.

வெப்பநிலைதான் இந்த வேலையின் முதுகெலும்பு. இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ் பிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரை (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) நீர் சேர்க்காமல் பயன்படுத்தினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். ஒன்றுக்கு ஒன்று நீர் சேர்த்தால் 13 நிமிடம். அறை சூடாக இருந்து கரைசல் 24 டிகிரிக்குப் போய்விட்டால் ஏழரை நிமிடம் ஐந்து நிமிடத்தை ஒட்டி இறங்கிவிடும். ஐந்துக்குக் கீழே போனால் டெவலப்பர் சமமாகப் பரவ நேரமிருக்காது. வானம் திட்டுத் திட்டாக வரும். ஒன்றுக்கு ஒன்று கலந்தால் அதே 24 டிகிரியில் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் கிடைக்கும். ஆகவே சூடான இடத்தில் வேலை செய்கிறவர்கள் ஐஸ் கட்டியோடு மல்லுக்கட்டுவதை விட, நீர் கலந்து நேரத்தை நீட்டிக்கொள்வது மேல். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர், அலசும் நீர் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் நிற்க வைத்து ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வெப்பமானி அரை டிகிரி தவறாகக் காட்டினாலும் பாதகமில்லை, ஒவ்வொரு முறையும் அதே தவறைக் காட்டினால். நாளுக்கொரு கணக்குச் சொல்லும் வெப்பமானியைத் தூக்கிப் போடுங்கள்.

டெவலப்பர்களில் நான் திரும்பத் திரும்ப வந்து சேர்வது கோடாக் டி-76. 1927 முதல் புழக்கத்தில் இருக்கும் சூத்திரம். ஐடி-11 அதன் இரட்டைப் பிறவி என்றே சொல்லலாம். எப்போதாவது மட்டும் பிலிம் கழுவுகிறவர்களுக்கு ரோடினால் பொருந்தும். 1891இல் காப்புரிமை பெற்றது. பாட்டிலில் பல ஆண்டுகள் கிடந்து கருங்காப்பி நிறத்துக்கு வந்தாலும் வேலை செய்யும். குருணை (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான துகள்) தூக்கலாகத் தெரியும், முகப்படங்களுக்கு எனக்குப் பிடிப்பதில்லை. வைட்டமின் சி வகை டெவலப்பர்கள் படத்துக்கு அருமை. ஆனால் நிறம் மாறாமலே செத்துப்போகும் குணமுடையவை. ஆகையால் டெவலப்பர் எதுவானாலும் வெட்டி எடுத்த பிலிம் முனையை வெளிச்சத்திலேயே அதில் போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று கறுத்தால் உயிர் இருக்கிறது.

இன்னொரு துண்டை ஃபிக்சரில் போடுங்கள். முதலில் பால் போல மங்கலாக இருக்கும்; பிறகு ஓரங்களிலிருந்து தெளிந்து, அடியில் வைத்த எழுத்தைப் படிக்க முடிகிற அளவு கண்ணாடியாகிவிடும். அதற்கு ஆன நேரத்தைப் போல் இரண்டு மடங்கு, பிலிமை ஃபிக்சரில் வைத்திருக்க வேண்டிய நேரம். புதிய ஃபிக்சரில் தெளிய ஆன நேரத்தைப் பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அது இரட்டித்த அன்று அந்த ஃபிக்சரை ஓரங்கட்டலாம். இத்தனை ரோலுக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கை விட இதை நம்புகிறேன்.

அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார வேண்டியதில்லை. டேங்கில் நீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்தி ஊற்றுங்கள். புது நீரில் பத்து முறை. மறுபடி புது நீரில் இருபது முறை. இல்ஃபோர்ட் பரிந்துரைக்கும் முறை இது. ரேப்பிட் ஃபிக்சருக்குப் போதும். கடைசிக் குளியல் மட்டும் காய்ச்சி வடித்த நீராக இருக்கட்டும், உப்புக்கறை விழாது.

என்லார்ஜரில்தான் மனிதர்கள் கஞ்சத்தனம் காட்டுவார்கள். விலையுயர்ந்த கேமரா லென்ஸில் எடுத்த நெகட்டிவை மூன்று கண்ணாடி கொண்ட மலிவு லென்ஸ் வழியாகப் பிரிண்ட் போடுவார்கள். 35 மி.மீ. பிலிமுக்கு 50 மி.மீ. லென்ஸ் போதும், இ.எல்.-நிக்கார், கம்போனான்-எஸ், ரோடகான் என்று ஆறு கண்ணாடி வகையில் ஒன்றைப் பழையதாகவே வாங்கலாம். முழுத் திறப்பிலிருந்து இரண்டு படி (ஒரு படி மூடினால் ஒளி பாதியாகும்) மூடி, எஃப் 5.6 அல்லது 8இல் வைத்து வேலை செய்யுங்கள். லென்ஸை மாற்றியும் ஒரு மூலை மட்டும் மங்கினால், தலைப்பகுதியும் பலகையும் இணையாக இல்லை. பாழான நெகட்டிவ் ஒன்றில் ஊசியால் நான்கு மூலைகளிலும் கோடு கீறி, குருணை காட்டும் ஃபோகஸ் கருவியால் ஒவ்வொரு மூலையையும் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது உடனே தெரியும். விளக்குச் சூட்டில் நெகட்டிவ் உப்பி ஃபோகஸ் நகர்வதும் உண்டு. சில நொடிகள் சூடாகவிட்டு ஃபோகஸ் செய்துவிட்டு, ஆறுவதற்குள் காகிதத்துக்கு எக்ஸ்போஷர் (ஒளி) கொடுத்துவிட வேண்டும்.

சரியான நேரத்தைக் கண்டுபிடிக்கக் காகிதத் துண்டில் போடும் சோதனைப் பட்டைக்கு 5, 10, 15, 20 நொடி என்று கூட்டிக்கொண்டே போவது வழக்கம். முதல் இரண்டுக்கும் இடையில் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம், கடைசி இரண்டும் ஏறக்குறைய ஒன்று. 4, 5.6, 8, 11, 16, 22 நொடி என்று அரைப்படி அரைப்படியாக ஏற்றினால் ஒவ்வொரு பட்டையும் சம அளவில் கறுக்கும், தேர்வதும் எளிது. வெண்பகுதி சரியாகும் வரை நேரத்தை மாற்றுங்கள். அதன் பிறகு கருமைக்காக, கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரை மாற்றுங்கள். இல்ஃபோர்ட் மல்டிகிரேட் ஃபில்டர்களில் 00 முதல் மூன்றரை வரை நேரம் அப்படியே நிற்கும். 4, 5 போட்டால் இரு மடங்கு.

காகிதத்தில் பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. வகைதான் என் அன்றாடப் புழக்கம். டெவலப்பரில் ஒரு நிமிடம், அலச இரண்டு நிமிடம், வேலை முடிந்தது. படம் சீக்கிரம் கறுக்கிறதே என்று பதறிப்போய் முப்பது நொடியில் உருவினால் கருமை சாம்பலாக நின்றுவிடும். நேரத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு அடுத்த பிரிண்டில் எக்ஸ்போஷரைக் குறையுங்கள். அந்தப் பூச்சில்லாத ஃபைபர் காகிதத்தின் அழகு வேறுதான், மறுக்கவில்லை. அதை ஒரு மணி நேரம் அலச வேண்டும், உலர்ந்தால் சுருளும், ஈரத்தில் பார்த்ததை விடச் சற்று இருண்டு போகும். அந்த இருட்டை முன்கூட்டியே கணக்கில் எடுத்து எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துப் போடும் கைப்பழக்கம் வந்த பிறகு அதை வாங்குங்கள், அதுவரை ஆர்.சி. காகிதமே போதும்.