மரச்சுவர் இடுக்கு அடைக்க ஆப்பில் ஆள் கூப்பிடப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

14,500 ரூபாய். ஹால் சுவரில் அடித்திருக்கும் தேக்குப் பலகைகளின் இடுக்கையும் பழைய ஆணித் துளைகளையும் அடைக்க, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப் பிடுங்கிய தொகை. பெயரைப் போட்டால் பதிவையே தூக்க வைப்பார்கள்.

வந்தவர் பேச்சில் குறையே சொல்ல முடியாது. பலகையைத் தட்டிப் பார்த்தார். "தேக்குத் தூளையும் பசையையும் குழைச்சுத்தான் சார் அடைப்போம், சுவருக்குப் பூசுற பட்டியெல்லாம் தொடவே மாட்டோம்" என்றார். ஸ்விட்ச் போர்டு பக்கம் ஒரு துளையை அப்படியே அடைத்தும் காட்டினார். துளை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. தேக்குத் தூள் அந்த ஒரு துளைக்கு மட்டும்தான்! மீதி முழுக்க, சுவருக்குப் பூசும் வெள்ளைச் சிமெண்ட் பட்டியில் காவிப்பொடி கலந்து அப்பிய வேலை.

அது எப்படி நிற்கும்? மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் உப்பும், ஏசி ஓடினால் சுருங்கும். பட்டி வளைந்து கொடுக்காது. பலகை சுருங்கியதும் ஒரு ஓரம் விட்டு, அப்பளம் மாதிரி நொறுங்கி விழுகிறது. ஒட்டி நிற்பதும் பாலிஷ் குடிக்காமல் வெளுத்த கோடாகத் தெரிகிறது. ஆழமான துளைகளில் ஒரே தடவையாக அப்பியதால் காய்ந்து குழி விழுந்துவிட்டது. மரத்தூள் பசையானாலும் 2 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல், காயவிட்டுக் காயவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். கடைசிப் பூச்சு கொஞ்சம் மேடாக நிற்க வேண்டும். அப்புறம் 120, 180, 220 நம்பர் உப்புத்தாள், மரத்தின் ரேகை ஓடும் திசையில் மட்டும். 3 மி.மீ.க்கு மேல் அகலமான இடுக்குக்கு மரத்தூள் பசையே வேண்டாம். தேக்குச் சிம்பு சீவி, ஒரு பக்கப் பலகையில் மட்டும் ஒட்டிச் செருகணும். மறுபக்கத்தை விட்டால்தான் பலகை அசைய இடம் கிடைக்கும்.

புகார் செய்தால் சாட்டில் பதில்: "மரம் இயற்கைப் பொருள், சுருக்கத்துக்கு வாரண்டி இல்லை." உதிர்ந்தது மரமா, பட்டியா? போட்டோ அனுப்பினால் "டிக்கெட் மூடப்பட்டது." போனில், "அந்த டெக்னீஷியன் இப்ப எங்ககிட்ட இல்ல சார்." 14,500 மட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது!

நல்ல ஆசாரியை எப்படிப் பார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற ஆத்திரத்தில் முடியவில்லை. அடைக்கக் கொண்டுவந்த டப்பாவை நீங்கள் திறந்து பார்த்த பிறகே வேலையைத் தொடச் சொல்லுங்கள். சிலிக்கான் டியூபை எடுத்தால் நிறுத்துங்கள், அதன்மேல் பாலிஷ் ஏறாது. துளையிலிருந்து மாவு உதிர்ந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது, மருந்து ஏற்றாமல் அடைக்க விடாதீர்கள். பாலிஷ் காய்ந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கும்வரை, வேலை முடிந்தது என்று ஆப்புக்குச் சொல்லும் ஓடிபி எண்ணைச் சொல்லாதீர்கள். சொன்ன நிமிடமே 14,500 போய்விடும்.