தளபதியா, ரோஜாவா?

அண்ணன் மகன் புது ஹெட்போன் வாங்கியிருந்தான். வாங்கிய கையோடு என்னிடம் வந்து, "சித்தப்பா, உங்க காலத்துத் தமிழ்ப் படப் பாட்டுல ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்க. முதல் பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்கணும்" என்றான். வாய் தன்னால் 'தளபதி' என்றது. மறு நொடியே, "இல்லல்ல, ரோஜா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு வாரமாக இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த இரண்டையும் எதிரெதிரே வைப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. இயக்குநர் மணிரத்னம், ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன், இரண்டு படங்களுக்கும் அவர்களேதான். தளபதி 1991 தீபாவளிக்கு, நவம்பர் 5 அன்று வந்தது. ரோஜா 1992 ஆகஸ்ட் 15. இடையில் ஒன்பது மாதம் சொச்சம். 1983-ல் எடுத்த முதல் படத்திலிருந்து தளபதி வரை மணிரத்னத்தின் பத்துப் படங்களுக்கும் இளையராஜாதான் இசை. ரோஜாவுக்குப் பிறகு அவர் இயக்கிய படங்கள் எல்லாமே ரஹ்மான். அதே வீடு, அதே விருந்தாளிகள், சமையல்காரர் மட்டும் மாறிவிட்டார். கைமணம் எங்கே வேறுபடுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல பந்தி கிடைக்காது. ரோஜாவைத் தேவர் மகனோடு ஒப்பிடுவதுதான் வழக்கம். இரண்டும் ஒரே வருடத்துப் படங்கள், விருதுப் பஞ்சாயத்தும் அவற்றுக்கு நடுவில்தான் நடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சமையலறை. இளையராஜா வேலை செய்யும் விதம் இசைக்கலைஞர்கள் பலரும் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிய காட்சி. காலையில் வந்து உட்காருவார், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய ஸ்வரக் குறிப்பைத் தாளில் எழுதுவார், அதைப் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள், ஒத்திகை, அப்புறம் பதிவு. மொத்த ஆட்களும் ஒரே கூடத்தில். வயலின்காரர் ஒருவர் தவறினால் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும். தளபதிக்கு இந்த வேலை பம்பாயில் நடந்தது. ஆர்.டி. பர்மனிடம் வாசித்தவர்களும் அதில் இருந்தார்கள். 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' பாட்டின் நடுவே போர்க்களம் ஒன்று வரும், குதிரைகள், கவசம், வாள் எல்லாமாக. அந்த இடத்துக்கான இசையை வாசித்து முடித்ததும் அங்கிருந்தவர்கள் கைதட்டினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, பாட்டைக் கேட்டால் நம்பத் தோன்றுகிறது. காதலின் ஏக்கத்தில் நிற்கிற ஒரு கல்யாணி ராகம், திடீரென்று பித்தளை வாத்தியங்களோடு படையெடுத்துப் போய், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி பல்லவியில் வந்து உட்காரும். அந்தத் திரும்பலில் தையல் தெரியாது.

ரஹ்மானுடைய சமையலறை கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோ, பெயர் பஞ்சதன் ரெக்கார்ட் இன். இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர், விளம்பரங்களுக்கு ஜிங்கிள் போட்டவர், ரோஜா வந்தபோது வயது 25. ஜிங்கிள் போட்ட அனுபவத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. முப்பது விநாடிக்குள் காதைப் பிடித்து நிறுத்த வேண்டிய தொழில் அது. ராகம் விரியும்வரை காத்திருக்க முடியாது, முதல் ஒலியே புதிதாக இருக்க வேண்டும். ரோஜாவின் ஒவ்வொரு பாட்டும் அப்படித்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து, அடுக்கி, எடுத்து, மாற்றி, கடைசியில் கலவை செய்வது அவர் முறை. பாடகர் பாடிவிட்டுப் போன பிறகும் பாட்டு வளர்ந்துகொண்டே இருக்கும். எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளர்களின் பெயர் சாதாரண ரசிகனுக்குத் தெரிய ஆரம்பித்ததே ரஹ்மான் வந்த பிறகுதான்.

இந்த வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்தது எந்த இசை விமர்சகரும் இல்லை, எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பொங்கல் எல்லாவற்றுக்கும் அவர்தான். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி 'ராக்கம்மா கையத் தட்டு' போட்டால் நாலு தெரு தாண்டிக் கேட்கும். அந்தக் குழாயில் அடிநாதம் சுத்தமாக வராது, வெறும் கீச்சுதான். ஆனாலும் பாட்டுக்கு ஒரு குறையும் தெரியாது. தொடக்கத்தில் வயலின்கள் விரட்டுகிற விரட்டும், எஸ்.பி.பி.யின் அதட்டலும், சுவர்ணலதாவின் பதிலும் குழாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதே குழாயில் 'புது வெள்ளை மழை' போட்டபோது, பாதிப் பாட்டைக் காணோம். பனி மாதிரி கீழே படர்ந்து கிடக்கிற அந்த பேஸ் இல்லை, இடமும் வலமுமாக வந்து போகிற சின்னச் சின்ன ஓசைகள் இல்லை. உன்னி மேனனும் சுஜாதாவும் எங்கோ தூரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மைக் செட்காரர், "என்னய்யா, பாட்டு சோகையா இருக்கு" என்று கேசட்டை எடுத்துவிட்டார்.

அதே கேசட்டை நண்பன் வீட்டில், துபாயிலிருந்து அவன் மாமா கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஸ்பீக்கர் இரண்டு இருந்தால் அந்தப் பாட்டு வேறு பாட்டு. ரோஜாவுக்காகவே ஸ்டீரியோ வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். அதுவரை "பாட்டு நல்லாருக்கு" என்றுதான் சொல்வோம். "சவுண்டு நல்லாருக்கு" என்று சொல்லப் பழகியது அப்போதுதான்.

ஸ்டீரியோ வாங்க வழியில்லாத நான் ரெக்கார்டிங் கடையில் காலி கேசட் கொடுத்து, ஒரு பக்கம் தளபதி, மறுபக்கம் ரோஜா என்று பதியச் சொன்னேன். கடைக்காரர் நேரத்தைக் கணக்குப் பண்ணாமல் பதிந்துவிட்டார். 'காதல் ரோஜாவே' கடைசிச் சரணத்தின் பாதியில் டேப் முடிந்து டக்கென்று பட்டன் எகிறும். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் என் காது அந்த 'டக்'கை எதிர்பார்க்கிறது.

பாட்டு வரிகளில் ஒப்பீடு கொஞ்சம் சிக்கலானது. தளபதிக்கு வாலி, ரோஜாவுக்கு வைரமுத்து. 'சின்ன சின்ன ஆசை'க்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது, தகும். அந்தப் பாட்டைக் குழந்தையும் பாடலாம், கிழவியும் பாடலாம். மின்மினியின் குரலில் பயிற்சியின் கனம் தெரியாமல் இருப்பது அதற்குப் பெரிய பலம். ஆனால் தளபதியில் ஒரு இடம் இருக்கிறது. 'ராக்கம்மா' ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது தாளம் அடங்கி, கோயிலிலிருந்து பெண்கள் பாடுவார்கள்: 'குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில்'. தில்லைக் கூத்தனைப் பார்த்து அப்பர் பாடிய தேவாரம். குத்துப்பாட்டுக்கு நடுவே நாலாம் திருமுறை! ஓதுவார் வாயில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பதிகம், டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிட்டது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தத் தேவாரம் மனப்பாடம். தான்தான் காரணம் என்று தமிழாசிரியர் நினைத்துக்கொண்டிருந்தார்.

படத்தோடு சேர்த்துப் பார்த்தால் தராசு தளபதி பக்கம் இன்னும் சாய்கிறது. 'சின்னத்தாயவள்' கேசட்டில் ஒரு நல்ல தாலாட்டு, அவ்வளவுதான். படத்தில் அதன் கதையே வேறு. கறுப்பு வெள்ளைத் தொடக்கத்தில் ஒரு சிறுமி தன் குழந்தையைக் கூட்ஸ் வண்டியில் விட்டுவிடுகிறாள். அப்புறம் அந்த மெட்டும் ரயிலின் கூவலும், அந்தக் குழந்தை வளர்ந்து நாயகனாகும் சூர்யாவை விடாமல் துரத்துகின்றன. வசனம் சொல்லாத உறவை இசை சொல்லிவிடுகிறது. ரோஜாவின் பாட்டுகளுக்கு இப்படி ஒரு கடன் இல்லை. படம் பார்க்காதவனுக்கும் அவை முழுசாகக் கிடைக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆல்பம் என்று ஒன்றைச் சொல்கிறோமே, அது படத்தின் தயவில்லாமல் தனியாக நிற்க வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கில் ரோஜா ஜெயிக்கிறது.

ஊர் தாண்டிப் போன கதையிலும் ரோஜாவே. இந்தியில் மொழிமாற்றம் ஆனபோது பி.கே. மிஸ்ரா எழுதிய வரிகளோடு அது வடக்கே அடித்த அடி, அதுவரை எந்தத் தமிழ் டப்பிங் படத்தின் பாட்டும் அடிக்காதது. இதில் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை ஹரிஹரன் பாடிய பாட்டு. தமிழில் அது 'தமிழா தமிழா' என்று நம்மைக் கூப்பிடுகிறது. இந்தியில் அதே மெட்டு 'பாரத் ஹம்கோ ஜான் சே ப்யாரா ஹை' என்று தேசத்தைப் பாடுகிறது. வடக்கே பள்ளிக்கூடங்களில் சுதந்திர தினத்துக்கு அதைப் பாடுகிறார்கள். கோடம்பாக்கத்து வீட்டு ஸ்டூடியோவில் தமிழனைக் கூப்பிட்ட மெட்டு என்று பாடுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இளையராஜாவின் மெட்டுகளும் வடக்கே போயிருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் வேறு யாரோ எடுத்தாண்டு போனவை. ரஹ்மான் தன் பெயரோடு போனார். 1995-ல் அவர் நேரடி இந்திப் படத்துக்கு இசையமைத்தபோது அங்கே யாருக்கும் அறிமுகம் தேவைப்படவில்லை.

உலக அளவில் இரண்டுக்கும் ஒவ்வொரு பதக்கம் உண்டு. 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய இணைய வாக்கெடுப்பில் 'ராக்கம்மா' நாலாம் இடம். 2005-ல் டைம் இதழின் விமர்சகர் ரிச்சர்ட் கார்லிஸ் தேர்ந்தெடுத்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளில் ரோஜா ஒன்று. இதில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. வாக்குப் போட்டது ரசிகர்கள், அவர்கள் தேர்ந்தது ஒரு பாட்டை. பட்டியல் போட்டது விமர்சகர், அவர் தேர்ந்தது தொகுப்பை. இரண்டு ஆல்பங்களின் குணமும் இதிலேயே வந்துவிட்டது.

சரி, விருதுப் பஞ்சாயத்து. 1992-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் ரோஜாவுக்கு எதிரே நின்றது தேவர் மகன். நடுவர்களின் வாக்குகள் சமமாக விழ, குழுத் தலைவர் பாலு மகேந்திரா தன் வாக்கை ரோஜாவுக்குப் போட்டார். இளையராஜாவை விட்டால் வேறு ஆளே இல்லை என்பதுபோலத் தன் படங்களுக்கு அவரையே நாடிய மனிதர் அவர். முதல் படத்துக்கே தேசிய விருது என்று ரஹ்மான் பெயர் பத்திரிகையில் வந்தது. இளையராஜா ரசிகர்கள் இதை இன்னும் ஆற்றமாட்டாமல் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் பாலு மகேந்திரா செய்தது சரி. தேவர் மகன் இசை அருமை, ஆனால் இளையராஜா அப்படிப் பல படங்கள் செய்திருந்தார். ரோஜா மாதிரி ஒன்று அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

ரோஜாவின் பின்விளைவில் எனக்கு உறுத்தலும் உண்டு. கணினியும் கீபோர்டும் போதும் என்று எல்லோரும் கிளம்பியபோது, கோடம்பாக்கத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசித்த வயலின்காரர்களுக்கு வேலை குறைந்துபோனது. இதற்கு ரஹ்மான் ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது, பிற்பாடு வாத்தியக்காரர்களின் பெயரை ஆல்பம் அட்டையில் போட்டு மரியாதை செய்தவரும் அவர்தான். அவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவர்களிடம் சத்தம் இருந்தது, சரக்கு இல்லை. ஐந்தாறு வருடத்துக்கு எல்லாப் படத்திலும் ஒரே டிரம் ஒலி. தளபதிக்கு அப்படிப் போலிகள் வரவில்லை. அத்தனை பேரை உட்காரவைத்து அத்தனை தாளில் எழுதிக் கொடுக்க யாரால் முடியும்?

ஆகவே, ஒரு ஆல்பம் என்று கேட்டால் ரோஜா என்று முடிவு செய்தேன். காது மாறியது அதில்தான், படம் பார்க்காமலே கேட்கலாம், ஹெட்போனுக்கென்றே செய்தது போலவும் இருக்கிறது. தளபதியைப் படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், தனியாகக் கேட்டால் பாதிதான். இப்படி எல்லாம் தயார் செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பிடித்தேன்.

"ரெண்டுமே கேட்டுட்டேன் சித்தப்பா" என்றான்.

"எதுடா பிடிச்சுது?"

போனை எடுத்துக் காட்டினான். 'புத்தம் புது பூ பூத்ததோ', ஜேசுதாஸும் ஜானகியும். அதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். "இந்தப் பாட்டு படத்துல எந்த சீன்ல வருது? யூட்யூப்ல தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவே இல்ல" என்று கேட்டான்.

தளபதிக்காகப் பதிவு செய்து, படத்தில் வைக்காமல் விட்ட பாட்டு அது.