வேகனுக்கு இழுவைக் கொக்கி: ஒட்டிய சட்டமா, பூட்டிய சட்டமா?

வன்னியில் பெட்டி, அதாவது ட்ரெயிலர், இழுப்பது லான்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரத்தின் வேலை, அல்லது பெரிய உழவு இயந்திரத்தின் வேலை. ஆனால் வயல் வீட்டிலிருந்து பத்து இருபது கிலோமீற்றர் தள்ளிக் கிடக்க, நீர் இறைக்கும் இயந்திரத்தையும் பத்தடிக் குழாய்களையும் டீசல் கலனையும் ஒவ்வொரு முறையும் கூலிக்கு வண்டி பிடித்து ஏற்றிச் செல்பவர்கள், முற்றத்தில் நிற்கும் பீல்டர், ஏடி, ப்ரொபொக்ஸ் போன்ற வேகன் ஒன்றின் பின்னால் சிறிய பெட்டியைக் கொளுவினால் என்ன என்று யோசிக்கத்தான் செய்கிறார்கள். நானும் அப்படி யோசித்து, முதலில் ஒரு விதமாகவும் பின்னர் வேறு விதமாகவும் என் பீல்டருக்குக் கொக்கி போட்டவன். எனவே இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலையாளன் அல்லன்.

இரண்டு வழிகளையும் எடைபோடுமுன் வாகனத்தின் உடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். லொறிக்குக் கனத்த இரும்பில் தனியான செஸி உண்டு. அதில் கொக்கியைப் பொருத்தினால் அது தாங்கும். இன்றைய வேகன்களுக்கு அப்படியொரு செஸி கிடையாது. பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள தகடுகளை மடித்துப் பொருத்தி, உள்ளே வெறுமையான பெட்டிச் சட்டங்களாக்கி, அவற்றையே உடலின் எலும்பாக வைத்திருக்கிறார்கள். பின்பம்பருக்குள் கிடக்கும் குறுக்குச் சட்டம் மோதலின்போது நசுங்குவதற்காக வைக்கப்பட்டது, இழுப்பதற்காக அல்ல. கப்பலில் ஏற்றும்போது வாகனத்தைக் கட்டிவைப்பதற்காகப் பின்னால் கீழே தொங்கும் வளையமும் இழுவைக்கு உரியதல்ல. எண்பதுகளில் வந்த பழைய டொயோட்டா டிஎக்ஸ் வேகனுக்குப் பின்சக்கர உந்துதலும் இலைவில்லும் இருந்தன. அதை நினைத்துக்கொண்டு இன்றைய முன்சக்கர உந்துதல் வேகனைக் கணக்குப் போட்டால் பிழையாகிப் போகும்.

முதலாவது வழி, பக்கத்துக் கராஜில் வெல்டிங் செய்து ஒட்டுவது. இரண்டங்குலப் பெட்டி இரும்பு ஒன்றைப் பம்பருக்குப் பின்னால் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் உடலின் சட்டங்களோடு ஒட்டி, நடுவில் உழவு இயந்திரத்தில் இருப்பதுபோல் ஊசி செருகும் கொக்கியைப் பொருத்துவார்கள். அரை நாளில் வேலை முடியும், செலவும் குறைவு, வாகனம் எந்த ஆண்டு எந்த மாதிரி என்று எவரும் கேட்க மாட்டார்கள். எனக்குச் செய்தவர், "அண்ணை, இது ஆனையையே இழுக்கும்" என்றார். அவர் ஒட்டிய ஒட்டு நல்ல ஒட்டு என்பதை இன்றும் நான் மறுக்கவில்லை. பிரச்சினை ஒட்டில் இல்லை, ஒட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒரு காலபோகம் (மாரி நெற்செய்கை) முடிந்த பிறகு, வாகனத்தைக் கழுவிவிட்டுச் சாக்கை விரித்துக் கீழே படுத்துப் பார்த்தபோது, ஒட்டின் ஓரமாக, தலைமயிர் அளவில், செங்கபில நிறத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. விரல் நகத்தை அதன்மேல் இழுத்தால் நகம் தடக்கியது. ஐந்து மில்லிமீற்றர் இரும்பு அப்படியே இருக்க, அது ஒட்டப்பட்டிருந்த மெல்லிய தகடுதான் வெடித்திருந்தது. காரணம் எளிமையானது. ஒட்டும் சூடு தகட்டின் உறுதியைச் சுற்றுவட்டத்தில் மாற்றிவிடுகிறது. தடித்த இரும்பு மெல்லிய தகட்டைச் சந்திக்கும் கோட்டிலேயே முழு அசைவும் வந்து குவிகிறது. கிரவல் வீதியின் ஒவ்வொரு குழியும் அந்தக் கோட்டை ஒருமுறை மடக்கி நிமிர்த்துகிறது. போதாக்குறைக்கு, சட்டத்தின் உட்புறத்தில் இருந்த துருக்காப்புப் பூச்சு சூட்டில் எரிந்துபோக, அங்கே மறுபடி பூச வழியில்லாமல் உள்ளிருந்தே துரு தொடங்குகிறது. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற உப்பு நீரோரங்களுக்குப் போய்வரும் வாகனமானால் இந்தத் துரு இன்னும் விரைவாக ஓடும். பெற்றோல் தாங்கிக்கு அண்மையில் தீப்பொறி பறப்பதும், பற்றறியைக் கழற்றாமல் ஒட்டினால் கணினிப் பெட்டி பழுதாகக்கூடும் என்பதும் தனிக் கதை.

இரண்டாவது வழி, அந்தந்த மாதிரிக்கென்றே செய்யப்பட்ட சட்டத்தைப் பூட்டுவது. யப்பானில் விற்பனையான வேகன்கள் பலவற்றுக்குக் கையேட்டில் இழுவை அளவே இராது. ஆனால் நியூசிலாந்தில் இதே யப்பான் வேகன்கள் பெருமளவில் ஓடுவதால் அங்கே இவற்றுக்கென இழுவைச் சட்டங்கள் செய்கிறார்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் பொறுமையாகத் தேடினால் பாவித்த சட்டம் ஒன்று எப்போதாவது அகப்படலாம். இல்லையென்றால் வெளிநாட்டில் இருக்கும் உறவினரை நம்ப வேண்டியதுதான். விலையும் காத்திருப்பும் அதிகம். ஆனால் அந்தச் சட்டத்தின் கைகள் இரண்டும் பெட்டிச் சட்டங்களின் நீளத்துக்கு முன்னோக்கிச் சென்று, பக்கத்துக்கு இரண்டு மூன்று போல்ற்றுகளால் பூட்டப்படுவதால், விசை ஒரு கோட்டில் குவியாமல் நீளத்துக்குப் பரவுகிறது. ஒழுங்கான சட்டமென்றால் அதில் ஒரு சிறு தகடு இருக்கும். எவ்வளவு நிறையை இழுக்கலாம், பெட்டியைக் கொளுவும் உருண்டையின்மேல் நேர்கீழாக எவ்வளவு அழுத்தலாம் என்ற இரு அளவுகளும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியச் சட்டங்களில் முன்னையது டி என்ற எழுத்தோடு கிலோநியூட்டன் என்னும் விசை அளவாகவும், பின்னையது எஸ் என்ற எழுத்தோடும் வரும். சுமையோடு 1.6 தொன் நிற்கும் வேகன் 0.5 தொன் பெட்டியை இழுப்பதானால், இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்க ஏறக்குறைய 3.7 கிலோநியூட்டன் வரும். தகட்டில் உள்ள டி அளவு இதைவிடக் கூடுதலாக இருந்தால் போதும். ஒட்டிய சட்டத்தில் இப்படி எந்த எண்ணும் இல்லை. ஆனை என்ற ஒரு சொல்தான் இருந்தது.

இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்றுண்டு. என் வாகனத்தில் இப்போது இருப்பது அதுவே. சட்டத்தை இங்கேயே செய்விக்கலாம், ஆனால் வாகனத்தில் ஒட்டக் கூடாது, பூட்ட வேண்டும். கராஜ்காரரிடம் மூன்று நான்கு விடயங்களை விட்டுக்கொடுக்காமல் கேட்டு நின்றால் இது நல்ல வழி. கைகள் குறைந்தது ஒன்றரை அடியாவது முன்னோக்கிச் செல்ல வேண்டும். போல்ற்றின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். எண்ணில்லாத போல்ற் வேலிக்கு உதவும், இதற்கு உதவாது. தகட்டின் மறுபுறத்தில் வெறும் வாசர் போதாது, உள்ளங்கை அளவு தடித்த தகடு வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, வெறுமையான சட்டத்துக்குள் போல்ற் ஊடுருவிச் செல்லும் இடத்தில் அதே நீளத்துக்கு வெட்டிய இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாமல் இறுக்கினால் சட்டம் தகரப்பேணிபோல் உள்வாங்கும்; உள்வாங்கியதைத் தளர்வென்று நினைத்து இன்னும் இறுக்குவார்கள்; இரண்டாம் நாள் எல்லாம் தளர்ந்திருக்கும். எனக்கு அந்தக் குழாய்த் துண்டு ஆறும் மில்லிமீற்றர் கணக்கில் அராவப்பட்டன. 12 மில்லிமீற்றர் போல்ற்றை, முறுக்கு விசை அளக்கும் ஸ்பானரால் சுமார் 80 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினோம். துளையிட்ட இடங்களின் விளிம்புக்குத் துருக்காப்புப் பூச்சு பூசிய பின்னரே பூட்டினோம். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு மீண்டும் ஸ்பானரை வைத்துப் பார்த்தபோது இரண்டு போல்ற்றுகள் சிறிது அசைந்தன. புதிய பூட்டு இருக்கை பிடிக்கும்வரை அப்படித்தான் இருக்கும்.

ஊசியா உருண்டையா என்ற கேள்விக்கு நீண்ட விவாதம் தேவையில்லை. லான்ட்மாஸ்டரின் வேகத்தில் ஊசிக்கும் துளைக்கும் இடையிலுள்ள தளர்வு பெரிதல்ல. ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அது சம்மட்டி அடி. அதைவிட, கிரவல் வீதியில் பெட்டியின் ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது பெட்டி பக்கவாட்டில் சரிய, ஊசி அந்தச் சரிவை வாகனத்தின் உடலுக்கே கடத்தி முறுக்கும். உருண்டை எல்லாப் பக்கமும் சுழலும். உருண்டையிலும் ஒரு பொறி இருக்கிறது. 50 மில்லிமீற்றர் ஓர் அளவு, இரண்டங்குலம் என்னும் 50.8 மில்லிமீற்றர் மற்றோர் அளவு, அமெரிக்கப் பொருட்களில் வரும் 47.6 மில்லிமீற்றர் மூன்றாவது. கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. உருண்டையை மூடிப் பிடிப்பது பெட்டியின் மூக்கிலுள்ள கிண்ணம்; சிறிய உருண்டைமேல் பெரிய கிண்ணம் பூட்டியதுபோலவே இருக்கும், ஒரு பெரிய குழியில் கழன்று எழும். எனவே உருண்டையையும் கிண்ணத்தையும் ஒரே அளவு பார்த்து வாங்கி, வேணியர் இடுக்கியால் அளந்துகொள்வது நல்லது. தேய்ந்து 49 மில்லிமீற்றருக்குக் கீழே வந்த 50 மில்லிமீற்றர் உருண்டையை மாற்றிவிட வேண்டும். எது கழன்றாலும் பெட்டி ஓடிவிடாதபடி, கிண்ணத்துக்குக் கீழே இரு சங்கிலிகளைக் குறுக்காகக் கொளுவ வேண்டும். குறுக்காக என்பதற்குக் காரணம், கழன்ற முனை நிலத்தில் குத்தாமல் அந்தக் குறுக்குத் தொட்டிலில் விழும்.

நிறைக் கணக்குக்கு வருவோம். பெட்டிக்குப் பிறேக் இல்லையென்றால் அதன் மொத்த நிறை 750 கிலோவையும் வாகனத்தின் வெறும் நிறையில் பாதியையும் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பாவில் உள்ள விதி. இங்கும் பின்பற்றத் தக்கது. பீல்டரின் வெறும் நிறை ஏறக்குறைய 1100 முதல் 1200 கிலோ; பாதி என்றால் 550 முதல் 600. பெட்டியே 180 கிலோ இருந்தால் மிச்சம் 370 முதல் 420 கிலோ. ஒரு நெல் மூடையை 65 கிலோ என்று வைத்தால் ஐந்து மூடை, கூடினால் ஆறு. ப்ரொபொக்ஸ் வைத்திருப்பவர் இந்த இடத்தில் சிரிக்கலாம். பின்னிருக்கையை மடித்தால் அந்த வாகனமே இருவரோடு 400 கிலோவைத் தன்னுள் ஏற்றும்படி செய்யப்பட்டது. பெட்டி பூட்டுவது நிறைக்காக அல்ல, நீளத்துக்காகவும் நாற்றத்துக்காகவும்தான் என்பதை நான் பிந்தித்தான் உணர்ந்தேன்: குழாய், டீசல், யூரியா, ஆட்டெரு.

ஏற்றும் முறையும் கொக்கியைப் போலவே முக்கியமானது. சுமையில் பாதிக்குச் சற்று மேல் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் கனத்தால் பெட்டி வாலாட்டத் தொடங்கும், அப்போது பிறேக்கை மிதிக்காமல் காலை எடுத்து வேகத்தை இறங்கவிட வேண்டும். உருண்டைமேல் அழுத்தும் நிறை பெட்டியின் மொத்த நிறையில் பத்திலொரு பங்கு, அதாவது 500 கிலோவுக்கு 50 கிலோ, ஒரு சீமெந்துப் பையின் நிறை. குளியலறைத் தராசின்மேல், உருண்டையின் உயரத்துக்கு வெட்டிய மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் பெட்டியின் மூக்கை வைத்தால் தராசு சொல்லிவிடும். அந்த 50 கிலோ வாகனத்தில் 50ஆகவே நிற்பதில்லை. சக்கர இடைவெளி 2600 மில்லிமீற்றர், உருண்டை பின்னச்சிலிருந்து ஒரு மீற்றர் பின்னால் என்றால், பின்னச்சில் 69 கிலோ கூடி முன்னச்சில் 19 கிலோ குறையும். முன்சக்கரம் இழுக்கும் வாகனத்தில் மாரிச் சேற்றில் அந்தக் குறைவு தெரியும். இரவில் முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் ஏறும். தானியங்கிக் கியர் வாகனமென்றால், அதிலும் பட்டி வகைக் கியர்ப்பெட்டியென்றால், நீண்ட இழுவையில் எண்ணெய் சூடேறும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹைபிரிட்டுக்கும் அதே பதில்.

வயர் வேலையில் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். பின்விளக்கு வயரைச் சுரண்டி முறுக்கி நாடா சுற்றினால் அன்று மாலை எல்லா விளக்கும் எரியும். முதல் மழையோடு தரைவயர் கறுத்து, இடது சிக்னல் போட்டால் பிறேக் விளக்கு மினுங்கும். ஏழு ஊசிச் செருகியும், பெட்டியின் விளக்குகளுக்குப் பற்றறியிலிருந்து தனியாக மின் எடுக்கும் ரிலேயும் வைத்தால் வாகனத்தின் சொந்த வயர்களுக்குப் பாரம் ஏறாது. செருகியில் மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது, சிவப்பு பிறேக், வெள்ளை தரை, மண்ணிறமும் கறுப்பும் பின்விளக்குகள், நீலம் பின்மூடுபனி விளக்கு. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும்போது முன்னால் போகும் வாகனம் சடுதியாக நிற்கும். பின்னால் வருபவருக்கு உங்கள் பெட்டியின் விளக்கைத் தவிர வேறு அறிவித்தல் இல்லை. பெட்டிக்குரிய பதிவு, இலக்கத்தகடு, கொக்கி பூட்டிய வாகனத்துக்கான காப்புறுதி ஆகியவற்றை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் பூட்டுமுன்னரே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, கொக்கியே வேண்டாம் என்ற வழியையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மாதத்தில் ஒரு தடவைதான் சுமை என்றால், பட்டா என்னும் சிறு லொறி ஒன்றைக் கூலிக்குப் பிடிப்பது எல்லாவற்றையும்விட மலிவு, ஏற்றி இறக்கக் கையும் கூடக் கிடைக்கும். ஒட்டிய சட்டத்தை நான் எந்த நிலையிலும் தேர்ந்தெடுக்க மாட்டேன். மாதிரிக்குரிய சட்டம் கையில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் மேலே சொன்ன பூட்டிய சட்டம். என் பெட்டியில் இப்போது நீர் இயந்திரமும் குழாய்களும் மட்டுமே போகின்றன. அறுவடை நாளில் நெல்லுக்கு அடுத்த வளவு லான்ட்மாஸ்டரைத்தான் கூப்பிடுகிறேன்.