வெயில் முகாமுக்குக் கூடாரமா, கயிற்றுக் கட்டிலா?

தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் இரண்டிலும் படுத்துப் பார்த்துவிட்டேன்.

நைலான் கூடாரத்துக்குள் பூரான், தேள் வராது, மழைக்கும் தாங்கும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழு மணிக்கெல்லாம் உள்ளே இட்லிப் பானைதான். மேலுறையைக் கழற்றி, வலை ஜன்னலைக் காற்று வரும் பக்கம் திருப்பினால்தான் மூச்சு விட முடிகிறது. அப்படியும் முதுகுக்கடியில் போர்வை நனைந்து ஒட்டிக்கொள்கிறது. காலை வெயில் படாமல் மரத்துக்கு மேற்கே அடித்தால் இன்னும் கொஞ்சம் தூங்கலாம்.

கயிற்றுக் கட்டில், மேலே கொசுவலை என்றால் காற்று அடியிலும் ஓடும். எண்ணூர்ப் பக்கத்துக் கொசுவுக்கு வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் நன்றாகச் செருக வேண்டும். தூக்கிப்போவதுதான் சிரமம்.

மே மாதத்துக்கு என் ஓட்டு கட்டிலுக்கே. அக்டோபர் மழை தொடங்கிவிட்டால் சரி, கூடாரம். எதுவானாலும், குழாய் இல்லாத இடத்துக்கு ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் குடிநீராவது எடுத்துப் போங்கள்.